140 வீடு, 140 கரன்ட் பில்: ஒன்றாகச் சேர்ந்து பேசினால் விலை இறங்குமா?

வாசல்விளக்கு (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் குடியிருப்பில் 140 வீடுகள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. போன வாரம் லிஃப்ட் ஓடவில்லை. படியேறும்போது எதிர்வீட்டு அக்காவும் நானும் கையில் பில்லோடு சந்தித்தோம். பேச்சுவாக்கில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே நிறுவனம், ஒரே மாதிரி மீட்டர். ஆனால் அவர்களுடைய யூனிட் விலை என்னுடையதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். நான் இரண்டு வருடம் முன்பு ஒருமுறை ஃபோன் செய்து திட்டம் மாற்றினேன். அவர்கள் குடிவந்த நாளிலிருந்து எதையும் தொடவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஒரே கம்பியில் வருகிற மின்சாரம். ஃபோன் செய்யத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்பது என்ன நியாயம்?

எங்கள் பகுதியில் எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கலாம். அதனால் 140 வீடும் ஒன்றாகப் போய் விலை கேட்கலாம் என்று நினைக்கிறேன். யாராவது செய்திருக்கிறீர்களா? 140 என்பது போதுமான எண்ணிக்கையா? எங்கிருந்து தொடங்குவது?

கீழ்த்தளம்

பின்தொடர்கிறேன். எங்கள் தெருவிலும் இதே பேச்சு நடக்கிறது.

மீட்டர்பார்வை

மின்சாரம் விற்கும் ஒரு நிறுவனத்தில் விலை நிர்ணயப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உங்கள் பில்லைப் பிரித்துப் பாருங்கள். அதில் ஒரு பகுதி மின்சாரத்தின் மொத்தச் சந்தை விலை. ஒரு பகுதி கம்பிகளுக்கும் மின்மாற்றிகளுக்குமான கட்டணம். இன்னொரு பகுதி வரியும் அரசுத் திட்டங்களுக்கான செலவும். மிச்சம்தான் நிறுவனத்தின் சொந்தச் செலவும் லாபமும். கம்பிக் கட்டணமும் வரியும் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அப்படியே இருக்கும். ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டாலும் அதில் ஒரு பைசா குறையாது. "கூட்டாகச் சேர்ந்தால் பில் பாதியாகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் பேரம் எதில்? ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க நிறுவனம் செய்யும் செலவில்தான். விளம்பரம், ஒப்பீட்டு இணையதளங்களுக்குக் கமிஷன், வீடு வீடாக அனுப்பும் ஆட்கள் என்று அது சின்னத் தொகை இல்லை. நீங்கள் நூற்று நாற்பது பேரை ஒரே கட்டாகக் கொண்டு வந்தால் அந்தச் செலவு மிச்சம். "அந்த மிச்சத்தை எங்களுக்கு விலையில் கொடு" என்பதுதான் உங்கள் முழு வாதமும்.

இன்னொன்றும் உண்டு. வெளியில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. நிறுவனம் நிலையான விலை தருகிறது என்றால், அந்த வருடத்துக்கான மின்சாரத்தை இன்றைக்கே முன்கூட்டி வாங்கிப் போட வேண்டும். இருநூறு வீடு வருகிறது என்று நம்பி வாங்கியபின் அறுபது வீடு மட்டும் வந்தால், மீதியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அதில் நஷ்டம் வரலாம். அந்தப் பயத்தை விலையில் ஏற்றித்தான் உங்களுக்குச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் ஏற்றினேன். ஆகவே பெயர்ப் பட்டியலோடு போகாதீர்கள். வீட்டுக்கு வீடு கடந்த 12 மாத பயன்பாடு, இப்போதைய திட்டம், அது முடியும் தேதி, மாறச் சம்மதம் என்ற கையெழுத்து, இவ்வளவும் எக்செலில் இருக்கட்டும். அறுபது உறுதியான வீடு, முந்நூறு "பார்க்கலாம்" வீட்டைவிட மேல்.

140 தனியாகச் சின்னது. பக்கத்துக் குடியிருப்புகளையும் சேருங்கள்.

பழையபுத்தகம்

"பார்க்கலாம்" வீடு வேறு, உறுதியான வீடு வேறு என்று மீட்டர்பார்வை ஐயா சொன்னதற்கு நல்ல சாட்சி 2012இல் பிரிட்டனில் நடந்தது. 'விச்?' என்ற நுகர்வோர் அமைப்பும் '38 டிகிரீஸ்' என்ற பிரசார இயக்கமும் சேர்ந்து 'பிக் ஸ்விட்ச்' என்று ஒன்று நடத்தின. சுமார் 2,87,000 பேர் பதிவு செய்தார்கள். நிறுவனங்களைக் கூப்பிட்டு ஏலம் வைத்தார்கள். சாதாரண ஏலத்தில் விலை ஏறும், இதில் இறங்கும்: யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு வாடிக்கையாளர்கள். பெரிய நிறுவனங்களைத் தாண்டி கோ-ஆப்பரேட்டிவ் எனர்ஜி என்ற சின்ன நிறுவனம் வென்றது. ஆனால் கடைசியில் உண்மையாகவே மாறியவர்கள் 37,000 பேர் அளவில்தான். அதாவது பதிவு செய்த எட்டுப் பேரில் ஒருவர்.

அந்த முறை அங்கே தோன்றியதல்ல. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் முன்பே வேரூன்றியது. நெதர்லாந்தில் நுகர்வோர் சங்கம் நடத்தியது. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் போன்ற மாகாண நிர்வாகங்களே குடிமக்களைக் கூட்டி ஏலம் வைத்தன. மாகாணமே கடிதம் அனுப்பினால் சந்தேகப்படுகிறவர்களும் வருவார்கள் இல்லையா? போர்ச்சுகலில் 2013இல் டெக்கோ என்ற நுகர்வோர் அமைப்பு கூப்பிட்டபோது ஐந்து லட்சத்துக்கும் மேல் பதிவு செய்தார்கள். எண்டேசா என்ற நிறுவனம் வென்றது.

பிரிட்டன் அரசும் 2012 கடைசியில் உள்ளாட்சிகள் இப்படிக் கூட்டு சேர்க்க 50 லட்சம் பவுண்டு நிதி ஒதுக்கியது. ஆக நீங்கள் கேட்பது விசித்திரமான ஆசை இல்லை. நடந்து பார்த்த வழிதான்.

எதிர்காற்று

எல்லாம் சரி. எங்களுக்கு நடந்ததையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

மூன்று வருடம் முன்பு எங்கள் பக்கம் ஏறத்தாழ இருநூறு வீடு சேர்ந்தோம். ஒரு தரகர் வந்தார். இலவசமாகச் செய்கிறேன் என்றார். நல்ல விலை கிடைத்தது, பொய் சொல்லக் கூடாது. 12 மாதம் எல்லோரும் சந்தோஷம். 13ஆம் மாதம் ஒப்பந்தம் தானாகவே அந்த நிறுவனத்தின் வழக்கமான திட்டத்துக்குப் போய்விட்டது. அது நாங்கள் முன்பு கொடுத்ததைவிட அதிகம். கடிதம் வந்திருக்கிறது. யாரும் படிக்கவில்லை, எல்லாம் குழு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டோம். குழு என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை. வாட்ஸ்அப்பில் பண்டிகை வாழ்த்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாதி வீடுகளுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்புறம்தான் தெரிந்தது, அந்த "இலவசம்" ஒவ்வொரு வீட்டுக்கும் நிறுவனம் தரகருக்குக் கொடுத்த கமிஷன் என்று. வாங்கியதில் தப்பில்லை, வேலை செய்தார். ஆனால் எவ்வளவு என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பில்லில்தானே அது ஏறியிருக்கும்?

என் வீட்டில் சேமித்ததைவிட அந்த எட்டு மாதத்தில் போனது அதிகம். அடுத்த தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவரை "கையெழுத்துப் போடுங்க ஐயா, நல்லது" என்று கூட்டி வந்தவன் நான்தான். அவர் முகத்தைப் பார்க்க இன்னும் கூச்சமாக இருக்கிறது.

வாசல்விளக்கு

எதிர்காற்று அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. நான் விலையை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் முடியும் நாளைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஒரு கேள்வி. ஒவ்வொரு வீட்டிலும் போய்க் கையெழுத்து வாங்குவதற்குப் பதிலாக, சங்கமே எல்லோருக்கும் சேர்த்து முடிவெடுத்து, வேண்டாம் என்பவர்கள் மட்டும் விலகிக்கொள்ளலாம் என்று வைத்தால்?

பழையபுத்தகம்

அதற்குச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் சில மாநிலங்களில் கொடுக்கிறது. மாசசூசெட்ஸில் 1997 சட்டம், கலிபோர்னியாவில் 2002 சட்டம். ஊராட்சியோ நகராட்சியோ தன் மக்கள் எல்லோருக்கும் சேர்த்து மின்சாரம் வாங்கலாம், விருப்பமில்லாதவர் விலகலாம். கலிபோர்னியாவில் முதலாவதாக 2010இல் மரின் கிளீன் எனர்ஜி தொடங்கியது. அங்கே நோக்கம் விலை மட்டுமில்லை, காற்றிலும் வெயிலிலும் வரும் மின்சாரத்தை அதிகமாக வாங்குவதும்தான். ஒஹாயோவில் நோபெக் என்ற கூட்டமைப்பு 2000இலிருந்து இருக்கிறது.

சிகாகோ கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2012 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்து மக்கள் சம்மதித்தார்கள். நகரமே இன்டெகிரிஸ் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. பல லட்சம் வீடுகள் ஒரே நாளில் கூட்டானது போல. முதலில் நன்றாகவே மிச்சமானது. ஆனால் பழைய நிறுவனத்தின் விலையும் பிறகு இறங்கிவிட்டது. வித்தியாசம் கரைந்துபோய் 2015இல் நகரம் திட்டத்தை நிறுத்தியது. கூட்டம் பெரிதாக இருந்தால் மட்டும் விலை நிற்காது. எந்த நேரத்தில் ஒப்பந்தம் போட்டோம் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

குடியிருப்போர் சங்கத்துக்கு அந்த மாதிரி அதிகாரம் கிடையாது. யாருடைய மீட்டரையும் அவர் சம்மதம் இல்லாமல் மாற்றாதீர்கள்.

அந்திமழை

முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. இந்த இழையில் ஒருவரைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் வருகிறேன்: வரவே வராதவர்.

கூட்டுப் பேரம் என்றால் ஏற்கெனவே பில்லைப் படிக்கிறவர்கள்தான் முதலில் ஓடி வருவார்கள். அவர்கள் கொஞ்சம் குறைந்த விலையில்தான் இருக்கிறார்கள், அதனால் சேமிப்பும் கொஞ்சம்தான். நான் போகிற வீடுகளில் பில் உறையைப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிரித்தால் பயம். இன்டர்நெட் இல்லை. ஃபோனில் "ஒன்றை அழுத்தவும்" என்றால் வைத்துவிடுகிறார்கள். அதிக விலை கொடுப்பது அவர்கள்தான்.

இது வெறும் என் மனக்குறை இல்லை. பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2018இல் ஒரு சோதனை செய்தது. வெகுகாலமாகத் திட்டம் மாற்றாத சுமார் 50,000 வீடுகளுக்கு, ஏற்கெனவே பேசி முடித்த ஒரு கூட்டு விலையைக் கடிதத்தில் அனுப்பியது. உங்கள் வீட்டுக்கு இவ்வளவு மிச்சமாகும் என்று ஒவ்வொருவருக்கும் தனியாகக் கணக்குப் போட்டு எழுதியிருந்தது. ஃபோன் செய்து கேட்க ஒரு எண்ணும் இருந்தது. மாறியவர்கள் 22.4 சதவீதம். கடிதம் போகாத வீடுகளில் மாறியவர்கள் 2.6 சதவீதம். அதே மாதிரி மனிதர்கள்தான். அக்கறையில்லாதவர்கள் என்று நாம் நினைத்தவர்களில் பெரும்பாலோருக்கு, வழி எளிதாக இல்லை என்பதுதான் பிரச்சினை.

இன்னொன்று, முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் ப்ரீபெய்டு மீட்டர் உள்ள வீடுகள். பல ஏலங்களில் அவர்களுக்கு இடமே கிடையாது, அல்லது தனியாக ஒரு மோசமான விலை. குழு தொடங்குகிற அன்றைக்கே கேட்டு வையுங்கள்: எங்களில் ப்ரீபெய்டு மீட்டர் எத்தனை பேர்? அவர்களையும் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும் என்று நிறுவனத்திடம் நிபந்தனை வைக்க முடியுமா?

மீட்டர்பார்வை

அம்மா சொல்வது உண்மை. உள்ளே இருந்து இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். புதிதாக வருபவருக்குக் குறைந்த விலை கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? நகராமல் இருக்கும் பழைய வாடிக்கையாளரிடமிருந்துதான் பெரும்பகுதி. எங்கள் கூட்டங்களில் அவர்களை "தூங்குகிறவர்கள்" என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பிரிட்டனில் 2019 ஜனவரி 1 முதல், அவர்கள் இருக்கும் வழக்கமான திட்டங்களின் விலைக்கு உச்சவரம்பு வந்தது, காரணம் இதுதான்.

எதிர்காற்று

அப்படியென்றால் நாம் கூட்டாகப் போய் விலை குறைத்தால், அந்தச் சுமை வராதவர்கள் தலையில்தானே போய் விழும்? அதைச் செய்யலாமா?

அந்திமழை

அதற்காகத்தான் அவர்கள் வீட்டுக் கதவை முதலில் தட்டுங்கள் என்கிறேன். சங்கத்தில் சுறுசுறுப்பான நாற்பது பேர் எப்படியும் வருவார்கள். உழைப்பு முழுவதும் மற்ற நூறு பேருக்காக இருக்கட்டும்.

எண்ணும்எழுத்தும்

கணக்கு வேலை பார்ப்பவன். நிறுவனங்களின் பதிலை ஒப்பிடும்போது யூனிட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். நிலைக்கட்டணம் என்று தினமும் விழுகிற ஒரு தொகை இருக்கும். யூனிட் விலையைக் குறைத்துவிட்டு அதை ஏற்றியிருப்பார்கள். அதிகம் பயன்படுத்தும் பெரிய குடும்பத்துக்கு அது லாபம். தனியாக இருந்து, ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஓட்டும் பாட்டிக்கு நஷ்டம். அதனால் ஒரே ஒரு "சராசரி வீடு" கணக்கு போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வருடத்துக்கு 1,000 யூனிட், 2,500 யூனிட், 5,000 யூனிட் என்று மூன்று வீட்டுக்குத் தனித்தனியாக வருட மொத்தம் கேளுங்கள். இருக்கும் ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் வெளியேறும் கட்டணம் எவ்வளவு என்பதையும் அந்த மொத்தத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்தால்தான் இந்த விலை என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், அதையும் தேடுங்கள்.

கீழ்த்தளம்

ஒரு பயம். நம்மைச் சேர்த்துக்கொண்ட சின்ன நிறுவனம் திவாலானால் இருட்டில் உட்கார வேண்டுமா?

பழையபுத்தகம்

நல்ல கேள்வி. 2021இல் எரிவாயுவும் மின்சாரமும் மொத்தச் சந்தையில் தாறுமாறாக விலை ஏறியபோது பிரிட்டனில் மட்டும் முப்பதுக்குக் கொஞ்சம் குறைவான நிறுவனங்கள் கடையை மூடின. முன்கூட்டி வாங்கி வைக்காமல் மலிவு விலை வாக்குறுதி கொடுத்தவர்கள் பலர் அதில் உண்டு. யாருக்கும் மின்சாரம் நிற்கவில்லை. ஒழுங்குமுறை அமைப்பு அந்த வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரை வேறு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. ஆனால் பேசி வாங்கிய விலை போய்விட்டது. அந்தக் காலத்தில் ஏலம் வைக்கவும் ஆளில்லை, யாரும் புது வாடிக்கையாளரை விரும்பவில்லை. உங்கள் பகுதியில் அப்படி ஒரு பாதுகாப்பு விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நடுவாசல்

எங்கள் பகுதியில் மின்சாரம் தருவது ஒரே நிறுவனம்தான், கட்டணத்தை ஆணையம் நிர்ணயிக்கிறது. எங்களுக்கு இந்த இழையில் ஏதாவது இருக்கிறதா, இல்லை படித்துவிட்டுப் போக வேண்டியதுதானா?

மீட்டர்பார்வை

இருக்கிறது. யூனிட் விலையைத்தான் பேரம் பேச முடியாது. மற்றதெல்லாம் பேசலாம். கூரை சூரியத் தகடுகள் நல்ல உதாரணம். அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் 2009இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து 'சோலரைஸ்' என்று தொடங்கினார்கள். ஒரே ஒப்பந்ததாரர், ஒரே ஆய்வு, மொத்தமாகப் பொருள். தனித்தனியாகச் செய்தால் ஒவ்வொரு வீடும் படிக்க வேண்டியதை எல்லோரும் சேர்ந்து ஒரே கூட்டத்தில் படித்துக்கொண்டார்கள். குளிர்நாடுகளில் கிராமங்களில் வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெயையும் இப்படி வாங்குகிறார்கள். வட அயர்லாந்தில் பெரும்பாலான வீடுகள் அந்த எண்ணெயில்தான் ஓடுகின்றன. ஒரு லாரி ஒரே தெருவில் பத்து வீட்டுக்கு ஊற்றிவிட்டுப் போனால் விற்பவருக்கு டீசல் மிச்சம். மிச்சம் எங்கே என்று கண்ணுக்கே தெரிவதால் பேரமும் சுலபம்.

அப்புறம் கட்டணத்தை ஆணையம் நிர்ணயிக்கிறது என்றால், பொதுவாக அதற்கு முன் கருத்துக் கேட்பார்கள். தனியாகப் போகும் ஒரு மனுவும், இருநூறு வீட்டுப் பயன்பாட்டுக் கணக்கோடு போகும் ஒரு மனுவும் ஒன்றில்லை.

வாசல்விளக்கு (பதினொரு வாரம் கழித்து)

திரும்பி வந்து சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே நாள் போய்விட்டது.

அந்திமழை அக்கா சொன்னபடி தலைகீழாகத் தொடங்கினோம். முதல் இரண்டு வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை போடவில்லை. நான்கு பேர், மாலை வேளையில், பிரிக்காத உறைகள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் போனோம். ஒரு வீட்டுக்கு அரைமணி நேரம் ஆனது. பில்லைப் பற்றிப் பத்து நிமிடம், மீதி மகன், மூட்டுவலி, மழை ஒழுகும் கூரை. அவசரப்படுத்தவில்லை. அப்படித்தான் 31 வீடு வந்தது. மற்றவர்களுக்குச் செய்தி போட்டபின் வந்தது 58. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து 67. ஆக 156, எல்லாம் கையெழுத்தோடும் 12 மாதக் கணக்கோடும்.

ஆறு நிறுவனங்களுக்கு எழுதினோம். இரண்டு பதிலே போடவில்லை. ஒன்று, தனித்தனியாக இணையதளத்தில் வாருங்கள் என்றது. மற்ற மூன்றும் விலை சொன்னன. எண்ணும்எழுத்தும் சொன்ன மூன்று வீட்டுக் கணக்கு கேட்டதும் அதில் ஒன்று பின்வாங்கியது. மீதி இரண்டில் ஒன்றை எடுத்தோம். மிகக் குறைவு அதுவல்ல, ஆனால் 1,000 யூனிட் வீட்டுக்கு நஷ்டம் வராதது அதுதான். இதற்காகக் கூட்டத்தில் சண்டையே வந்தது. பெரிய குடும்பங்கள் விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுக்குத்தான் நான் கடன்பட்டிருக்கிறேன்.

என் பில்லில் குறைந்தது 4 சதவீதம்தான். எதிர்வீட்டு அக்காவுக்கு 19. அந்த 31 வீடுகளில் எல்லோருக்கும் இரட்டை இலக்கத்தில் குறைந்திருக்கிறது.

தரகர் யாரையும் வைக்கவில்லை. எதிர்காற்று அண்ணா பட்ட பாட்டுக்காக, ஒப்பந்தம் முடிவதற்கு 60 நாள் முன்பு கூட்டம் என்று சங்கத்தின் நோட்டில் தேதி போட்டு மூன்று பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். ஒருவர் வீடு மாறிப் போனாலும் மற்ற இருவர் இருப்பார்கள்.

முடியாதது ஒன்று. ப்ரீபெய்டு மீட்டர் 7 வீடுகள். சேர்த்துக்கொள்ளச் சொல்லி மூன்று முறை எழுதினோம், நிறுவனம் மறுத்துவிட்டது. மீட்டரை மாற்ற வேண்டுமானால் பழைய பாக்கி தீர வேண்டும் என்கிறார்கள். நான்கு வீட்டில் பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கியைத் தவணையாகப் பிரித்து, மீட்டரை மட்டும் முதலில் மாற்றிக் கொடுக்க வைத்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? யாருக்கு எழுதினீர்கள், என்ன எழுதினீர்கள் என்று சொன்னால் போதும். மனுவை இந்த வாரமே தயார் செய்கிறேன்.

எதிர்காற்று

நாங்கள் போன வருடம் இரண்டு வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தோம். தவணை ஒப்புதலையும் மீட்டர் மாற்றத்தையும் ஒரே கடிதத்தில் கேட்காதீர்கள், அங்கே இரண்டும் வேறு வேறு பிரிவு. தவணைக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கி, முதல் மூன்று தவணை கட்டிய ரசீதோடு அடுத்த மனுவைப் போடுங்கள். நாங்கள் எழுதிய இரண்டு கடிதங்களின் நகலையும் இன்றிரவு அனுப்புகிறேன்.